நாலாவது கம்பி

எங்கள் நடுப்பாறையில் ஒரு மனிதனின் உடம்புச் சூடு, உடம்பு இல்லாமல், ஏழு வாரம் குடியிருந்தது. அதைப் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கு நாங்கள் டீ வாங்கிக் கொடுத்தோம், உட்கார நாற்காலி போட்டோம், அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது இதில் பிளப்பதற்கு என்ன இருக்கிறது என்று எரிச்சலும் பட்டோம். காய்ச்சல் வராத ஊர் எது? எங்கள் ஊரில் செத்தவனுக்கும் வந்தது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அந்தச் சூடு வருவதற்கு முன்னால் நாங்கள் செய்ததைச் சொல்லாமல் ஆரம்பித்தால் எங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்தத் தப்பு நடக்கக் கூடாது.

மலைச்சாலையின் பதினோராவது வளைவில், ஏறி வரும் பஸ்கள் தண்ணீர் ஊற்றிக்கொள்ள நிற்கும் இடத்தில், இன்னாசியின் புகைக்கறிக் கொட்டகை இருக்கிறது. இரண்டு எண்ணெய் டிரம்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெல்டிங் செய்து, அடியில் கரி, மேலே கொக்கிகளில் பன்றிக்கறி, கரியின்மேல் இரண்டு துண்டு கொய்யா விறகு என்று விடிந்ததும் பற்றவைத்தால், பொழுது சாயும்போது எலும்பைத் தொட்டாலே கழன்று வரும். டிகிரி எல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்து எட்டு எண்ணும்வரை தாங்கினால் சூடு சரி, ஐந்திலேயே கையை இழுத்தால் சூடு கூடிவிட்டது. கூடிவிட்டால் டிரம்மின் அடியில் இருக்கும் காற்றுவாயை ஈரச் சாக்கால் அடைக்க வேண்டும், காற்றும் நாயும் உள்ளே வராமல் கொட்டகைக் கதவைச் சாத்தி வெளியே கொண்டியை மாட்ட வேண்டும், மாட்டிவிட்டால் கரி ஒரு மணி நேரம் அடங்கிக் கிடக்கும், பார்த்துக்கொண்டிருப்பவன் எதிரே ராக்கம்மா கடைக்குப் போய் டீ குடிக்கலாம். இந்த வேலையை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒருவன் இன்னாசி. இன்னொருவன் சூசை, இன்னாசியின் தங்கை பிலோமியைக் கட்டியவன்.

ஐப்பசி மழை பெய்த ஒரு மதியம் சூசை அந்தக் கொட்டகைக்குள், டிரம்முக்குப் பின்னால், கரிப்புகை குடித்துச் செத்துக் கிடந்தான். இன்னாசி போட்ட சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது கதவு திறந்திருந்தது, அவன் வாசலில் நனைந்துகொண்டு நின்றான். “உள்ள கொண்டி போட்டிருந்தான். நான்தான் நெம்பித் தொறந்தேன்” என்றான்.

அன்று காலையில் பிலோமி புருஷனைத் திட்டியது தெருவுக்கே கேட்டிருந்தது. திருவிழா அசன விருந்துக்குக் கறி ஏற்றியிருக்கிற நாளில் அவன் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். “வேலைன்னு வந்தா மட்டும் குளிரு வந்துருமா, எங்கயாச்சும் போய்த் தொலைங்க” என்று அவள் கத்தினாள், எங்கள் வீடுகளில் வாரத்துக்கு இரண்டு முறை கேட்கிற பேச்சுதான் அது. ஆனால் உள்ளே போட்ட கொண்டியையும் அந்தப் பேச்சையும் நாங்கள் சேர்த்து வைத்துப் பார்த்தோம், இரண்டும் பொருந்திப்போயின, பொருந்தியதில் எங்களுக்கு ஒரு திருப்திகூட இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறோம்.

தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்களுக்கு எங்கள் ஊரில் கோயில் மணி அடிப்பதில்லை. சவத்துக்கு முன்னால் குருசு போகாது, கல்லறையில் மேற்கு வேலியோரம் புதைப்போம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் மேலே வரும் சாமியார், சேதி கேட்டு மழையிலேயே வந்து, “அப்படியெல்லாம் இப்ப கிடையாதுப்பா, மணிய அடிங்க” என்று கெஞ்சினார். நாங்கள்தான் இது ஊர் வழக்கம் என்று சொல்லி அவர் வாயை அடைத்தோம். கோயில் கமிட்டித் தலைவர் மிக்கேல் மணிக்கயிற்றை எடுத்துச் சுருட்டி ஆணியில் மாட்டினார். பிலோமி சத்தமில்லாத தெருவில் புருஷன் பின்னால் நடந்து போனாள், அதற்குப் பிறகு பதினைந்து மாதம் பூசையில் கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்பு கழற்றுகிற இடத்தில் முழந்தாளிட்டாள். இவள் வாயால் செத்தவன் என்று சொல்லிச் சொல்லி அவளையும் அதை நம்ப வைத்துவிட்டோம்.

உள்ளே கொண்டி போட்டிருக்கவில்லை என்பது இன்னாசிக்குத் தெரியும். பின்னால் எங்கள் முன்னால் ஒத்துக்கொண்டபோது அவன் முதலில் சொன்னபடியே சொல்கிறோம். மழையில் ஓடி வந்தான், டிரம்மில் கையை வைத்தான், ஐந்தில் இழுத்தான், ஈரச் சாக்கை அடைத்தான், கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டிவிட்டுப் போனான். டிரம்முக்குப் பின்னால் சாக்குகளை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, குளிர்க்காய்ச்சலோடு, கதகதப்புக்காக சூசை படுத்திருந்ததை அவன் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்து கொண்டியைக் கழற்றியபோதுதான் பார்த்தான். நாங்கள் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று ஓடி வருகிற சத்தம் கேட்டதும் அந்த ஒரு பொய் வாயில் வந்தது. வந்தது வந்ததுதான், பிறகு அதைத் திரும்ப எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை, பதினைந்து மாதமும் அவன் தங்கை வீட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தான்.

அதன் பிறகு இன்னாசியால் டிரம்மின் மேல் கை வைக்க முடியவில்லை. கையை வைப்பான், எண்ண ஆரம்பிப்பான், மூன்றிலேயே கண் கலங்கிவிடும். நாங்கள் மாப்பிள்ளைமேல் எவ்வளவு பாசம் பார் என்றோம். ஒரு வாரம் கறி கரிந்தது, ஒரு வாரம் வேகாமல் நின்றது. கடைசியில் கரி அடுப்பின் சூட்டைத் தானாகவே பார்த்துக்கொள்கிற பெட்டி வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, மதுரைக்குப் போனான்.

கடைக்காரர் மூன்று தினுசுகளை மேஜைமேல் எடுத்து வைத்தார். முதலாவதற்குக் கரண்ட் வேண்டாம். உள்ளே ஒரு தகடு சூட்டில் வளைந்து காற்றுவாயின் மூடியைத் திறந்து மூடும், அவ்வளவுதான், எண் கிண் எதுவும் காட்டாது. இரண்டாவதில் ஒரு சின்ன ஃபேனும் ஒரு கம்பியும். சூடு குறைந்தால் ஃபேன் கரியை ஊதும், கூடினால் நின்றுவிடும். மூன்றாவதில் ஃபேனோடு நான்கு கம்பிகள், நான்கு எண்கள், டிரம் மூடியைத் திறந்தால் ஃபோனுக்குச் சேதி வேறு. எவ்வளவு கறி, எத்தனை மணி நேரம் என்று கடைக்காரர் கேட்டார். மூடியின் விளிம்பில் காற்று கசிந்தால் எந்தப் பெட்டியும் வேலைக்கு ஆகாது, முதலில் அதை அடையுங்கள் என்று நல்ல புத்தியும் சொன்னார். ஃபேன் வைத்துவிட்டால் ஈரச் சாக்கு வேண்டாம், கதவைச் சாத்தவும் வேண்டாம் என்றார். இன்னாசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“உள்ள ஆள் இருந்தா சொல்லுமாண்ணே?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “இது கறி வேகுதான்னு பாக்குற பெட்டிங்க. ஆளெல்லாம் பாக்காது. வேணும்னா இந்த நாலாவது கம்பிய டிரம்முல போடாம கொட்டகையில தொங்க விடுங்க, அறையில எவ்வளவு சூடுன்னு காட்டும்.”

இன்னாசி மூன்றாவதை எடுத்தான். ஊரில் எல்லாரும் ஒரு டிரம்முக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று கேலி செய்தோம்.

பெட்டியை மாட்டிய முதல் நாளே முதல் எண் 225-ல் போய் நின்றுகொண்டது, இரண்டாவதும் மூன்றாவதும் கறிக்குள் மெதுவாக ஏறின, கொட்டகையில் சாக்குகளுக்கு மேலே தொங்கிய நாலாவது கம்பி 98.4 என்றது. மலைக்காற்று வீசுகிற தை மாதத்தில், கதவு விரியத் திறந்த கொட்டகையில் அவ்வளவு சூடு இருக்க வழியில்லை. இன்னாசி கம்பியைக் கதவோரம் கொண்டுபோனான், 71. ஜன்னலோரம், 70. டிரம்முக்குப் பின்னால், சாக்குகள் கிடந்த மூலையில் முழங்கால் உயரத்தில் பிடித்தான், மறுபடியும் 98.4. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டீ கொண்டுவந்த ராக்கம்மா அவனையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய் கம்பவுண்டர் சந்தியாகுவைக் கூட்டி வந்தாள். சந்தியாகு தன் தெர்மாமீட்டரை எடுத்து உதறி, அந்த இடத்தில் வெறும் காற்றில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்து, எங்கள் எல்லாரிடமும் சொல்வதுபோல “நார்மல்” என்றார்.

பிறகு மிக்கேல் கம்பியை விரல்கடை விரல்கடையாக நகர்த்தி, சூடு எங்கிருந்து எதுவரை என்று சாக்பீஸால் கோடு போட்டார். தலைமாட்டில் நல்ல சூடு, கால்மாட்டில் கொஞ்சம் குறைவு, நடுவில் ஒருக்களித்துப் படுத்தவனின் முதுகு வளைவு. நீளத்தை அளந்து பார்த்தால் ஐந்தடி ஆறங்குலம். சூசையின் உயரம் எங்களுக்குத் தெரியும், நாங்கள்தானே அவனுக்குக் குழி வெட்டியவர்கள்.

யாரும் அலறவில்லை. “வெறுந்தரையில கிடக்கானே” என்று ராக்கம்மா சொன்னாள், ஒருவர் பாய் கொண்டுவந்தார், ஒருவர் போர்வை கொண்டுவந்தார், போர்வை அந்தரத்தில் நிற்காமல் தரையோடு தட்டையாக விழுந்தபோதுதான் எங்களில் சிலருக்கு அழுகை வந்தது. அதற்கப்புறம் எல்லாம் பழகிவிட்டது. அந்தப் பக்கம் காலை நீட்டி யாரும் உட்காரவில்லை. கறி வாங்க வந்தவர்கள் போகும்போது “வர்றேன் சூச” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஓய்வு நேரத்தில் சீட்டாடுகிறவர்கள் ஜமாவை அங்கே மாற்றி, ஒரு கை அவனுக்கும் போட்டார்கள், அவன் கை எப்போதும் நல்லதாகவே விழுந்தது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பெண் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டதற்கு, இருக்கிறார், ஆனால் செத்துவிட்டார் என்றோம். அவள் பென்சிலால் ‘வீட்டில் இல்லை’ என்று எழுதிக்கொண்டாள். பெட்டி கோளாறு என்று யாரோ ஃபோன் செய்ய, கம்பெனிக்காரர் ஒருவர் புதுப் பெட்டியோடு மலை ஏறி வந்து மாட்டிப் பார்த்தார், அதுவும் 98.4 காட்டியது, குறை இல்லை என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அரைக் கிலோ கறி வாங்கிக்கொண்டு இறங்கினார். பெண்கள் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து பாயருகில் வைத்தார்கள். பதினைந்து மாதம் பிலோமி வீட்டுக்கு ஒரு தூக்குவாளி கஞ்சி கொண்டுபோகாதவர்கள்தான் எல்லாரும்.

பிலோமி மூன்றாம் நாள்தான் வந்தாள். காப்பி நாற்றங்காலில் வேலை முடித்து, கையில் மண்ணோடு, வெயில் இறங்குகிற நேரத்தில் வந்து வாசலில் நின்றாள், நாங்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வழிவிட்டோம். அவள் பாயருகில் முழந்தாளிட்டு, ஆள் தூங்கும்போது பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில், “என்னங்க, நான்தானே உங்களப் போகச் சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க” என்றாள். பெட்டியில் நாலாவது எண் 99 ஆனது. அவள் மறுபடியும் சொன்னாள். 99.6.

கோபம் என்றோம் நாங்கள். பதினைந்து மாதக் கோபம், சும்மா இறங்குமா? நீ இன்னும் நல்லா மன்னிப்புக் கேள் என்றோம். அவள் தினமும் வந்து கேட்டாள், ஒவ்வொரு முறை கேட்டபோதும் காய்ச்சல் ஏறியது, ஏற ஏற நாங்கள் அவளுக்குப் புதுப்புது ஜெபம் சொல்லிக் கொடுத்தோம், வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கச் சொன்னோம், கல்லறை வாசலிலிருந்து மேற்கு வேலிவரை முழந்தாளில் போகச் சொன்னோம். அவள் முட்டி தேய்ந்து ரத்தம் வந்த நாளில் எண் 103. சந்தியாகு ஈரத்துணியைப் பாயில் விரித்தார், அது பத்து நிமிடத்தில் மொடமொடவென்று காய்ந்தது. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துக்கூடப் பார்த்தார், தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அது கோபம் இல்லை என்று ஊரில் ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. தன் குற்றமில்லாததற்கு அவள் மன்னிப்புக் கேட்கக் கேட்க அவன் அங்கே கிடந்து கொதிக்கிறான் என்று இன்னாசிக்குத் தெரியும். தெரிந்தும் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்குச் சொல்லலாம் என்று காலையில் நினைப்பான், பிலோமி வந்து குனிந்து உட்காரும்போது கறியைத் திருப்பிப் போடுவதுபோல முதுகைக் காட்டிக்கொள்வான். ஆறாவது வாரம் அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். வேலைக்கும் போகவில்லை, பாயருகிலேயே தலையணை இல்லாமல் படுத்துக்கொண்டாள். 104.8 என்றது பெட்டி. நூற்றியேழைத் தாண்டினால் ஆள் தங்காது என்று சந்தியாகு சொன்னதை அவள் கேட்டுவிட்டாள்.

“இன்னொரு வாட்டி இவரு செத்தா நானும் இங்கயேதான் கிடப்பேண்ணே” என்று இன்னாசியிடம் சொன்னாள். “என்னை எடுக்க வராதீங்க.” அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

அப்போதும் அவனுக்கு உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை, மதுரைக்குப் போகத்தான் தோன்றியது. அதே கடையில், அன்றைக்கு வேண்டாம் என்று தள்ளிய முதல் தினுசைக் கேட்டான். “நல்லத விட்டுட்டு இதுக்கு வர்றீங்களே, இது எதையுமே காட்டாதுங்களே” என்றார் கடைக்காரர். “அதான் வேணும்” என்றான் இன்னாசி. எண் தெரியாவிட்டால் ஏறுவது தெரியாது, ஏறுவது தெரியாவிட்டால் அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள், சாப்பிடுவாள், பிழைத்துக்கொள்வாள் என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை மதியம் அவன் ஸ்க்ரூடிரைவரோடு கொட்டகைக்குள் நுழைந்தபோது நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். எண் 106.1. பிலோமி பாயருகில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னண்ணே பண்ற?”

“பெட்டி மாத்துறேன் பாப்பா.”

“புதுசுல நம்பர் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப இவருக்கு எவ்வளவு இருக்குன்னு நான் எப்பிடிப் பாக்குறது?”

“பாக்க வேணாம். வெறும் நம்பரு அது. அதப் பாத்துப் பாத்துத்தான் நீ இப்பிடி ஆயிட்ட.” அவன் முதல் ஸ்க்ரூவைக் கழற்றினான்.

பிலோமி எட்டி நாலாவது கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் அது உள்ளங்கையை அறுத்திருக்க வேண்டும், அவள் விடவில்லை. “நான் பேசுன பேச்சுக்கு இவரு இப்பிடிக் கொதிக்கிறாரு. அத நான் பாக்காம யாருண்ணே பாக்குறது?” என்றவள் பாயின் பக்கம் திரும்பி, “மன்னிச்சிருங்க” என்றாள். 106.4. “என் வாயிதான், என்னை மன்னிச்சிருங்க.” 106.7. சந்தியாகு எழுந்து நின்றார்.

“சொல்லாத!” என்று கத்தினான் இன்னாசி. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. “அந்த வார்த்தையச் சொல்லாத பிலோமி. நீ ஒண்ணும் பண்ணல. கொண்டி உள்ள இல்ல. வெளியில. நான்தான் போட்டேன். அவன் படுத்திருந்தத நான் பாக்கல, சாக்க அடைச்சேன், கதவச் சாத்துனேன், கொண்டியப் போட்டேன். நெம்பித் தொறந்தேன்னு சொன்னது பொய்யி.”

ஸ்க்ரூ பாதி கழன்று தொங்கிய பெட்டியில் எண் இறங்க ஆரம்பித்தது. 105, 103, 101, ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரத்துக்குள் 98.4-க்கு வந்து நின்றது. பாயைத் தொட்டுப் பார்த்த சந்தியாகு, “வேர்த்திருக்கு. விட்ருச்சு” என்றார். பாய் உண்மையிலேயே நனைந்திருந்தது.

இன்னாசியை அடிக்க இரண்டு பேர் எழுந்தார்கள். மணியடிக்கக் கூடாது என்று அன்றைக்குக் கையைத் தூக்கிச் சொன்னவர்கள்தான் அந்த இரண்டு பேரும், அது அவர்களுக்கே நினைவு வந்ததோ என்னவோ, பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

பிலோமி அழவில்லை. கதவைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

“அண்ணே. அவரு தட்டுனாரா?”

இதைத்தான் இன்னாசி எங்களிடம் முதலில் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம், மறுக்க யாரும் இல்லை. இல்லை என்றால் புகையில் தூக்கத்திலேயே போய்விட்டான் என்று ஆகும், அது அவளுக்கும் நல்லது, தனக்கும் நல்லது என்று அவன் நினைத்தான். அவன் உதடு ‘இ’ என்று விரிந்ததை நாங்கள் பார்த்தோம்.

“தட்டுனான்” என்றான்.

“எத்தன வாட்டி?”

“மூணு வாட்டி. அவன் கிடந்த மூலையில, தகரத்துல.”

“நீ எங்க இருந்த?”

“ராக்கம்மா கடையில. தகரத்துல மழ பேயுதுன்னு...” கதவைப் பார்த்தான். “பாதி அப்பிடி நெனச்சேன். மீதிப் பாதிக்கு எந்திரிச்சுப் போயிப் பாத்திருக்கணும். கையில டீ இருந்துச்சு பாப்பா.”

ராக்கம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இனி இவள் என்ன செய்யப்போகிறாளோ என்று நாங்கள் பயந்தோம். பிலோமி கம்பியை விட்டுவிட்டு, மெல்லத் திரும்பி, சந்தியாகுவிடம் ஒரு நோயாளி கேட்பதுபோலக் கேட்டாள்.

“சாகணும்னு உள்ள போனவரு தட்ட மாட்டாருல்ல?”

“தட்ட மாட்டாரும்மா.”

“அப்ப அவரு வெளிய வரப் பாத்திருக்காரு.”

“ஆமாம்மா.”

“வீட்டுக்கு வரப் பாத்திருக்காரு” என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் வந்ததை நாங்கள் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு சொல் எங்களிடம் இல்லை. கஞ்சிப் பானையருகில் இருந்த செம்புத் தண்ணீரை எடுத்து முகம் கழுவினாள், மீதியைக் குடித்தாள், பாயருகில் படுத்ததற்குப் பிறகு முதல் முறையாகப் பாய்க்கு முதுகு காட்டிக் கொட்டகையை விட்டு நடந்தாள். நாலாவது எண் 97 ஆனது. பிறகு 96. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரம் எப்படி ஆறுமோ அப்படி, எந்த அவசரமும் இல்லாமல் அது ஆறிக்கொண்டே போனது, நாங்கள் சாவு வீட்டில் உட்காருவதுபோலப் பாயைச் சுற்றி உட்கார்ந்தோம், 74-ல், கதவோரம் இருந்த காற்றும் அந்த மூலையில் இருந்த காற்றும் ஒன்றான இடத்தில், சந்தியாகு போர்வையை மடித்தார். மிக்கேல் யாரிடமும் கேட்காமல் எழுந்து கோயிலுக்குப் போனார். மணி அடிக்க ஆரம்பித்தது. எழுபது வயதுக்கு அவர் கை சளைக்காமல், கீழ் ஊருக்கும் கேட்கும்படி அடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த மணிச் சத்தத்தில் நாங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பினோம், பிலோமி தெருவில் ஒரு வீடு விடாமல் போனாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். திறந்தவர்களிடம் “அவரு தட்டியிருக்காரு. வெளிய வரப் பாத்திருக்காரு” என்று சொன்னாள், வேறு எதுவும் சொல்லவில்லை, நாங்கள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தச் சேதி முன்னாலேயே தெரிந்தவர்களும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டோம். கதவுக்குப் பின்னால் தயாராக நின்றோம், எந்த வீட்டிலும் அவளை இரண்டாம் முறை தட்ட விடவில்லை.

இன்னாசி வீடு தெருவின் கடைசி வீடு. அவன் கொட்டகையிலிருந்து எப்போது போனான் என்று தெரியாது, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். பிலோமி அந்தக் கதவின் முன்னால் போய் நின்றபோது நாங்கள் எல்லாரும் தெருவில் நின்றுவிட்டோம். மிக்கேல் அப்போதுதான் மணியை நிறுத்தியிருந்தார். வெயில் அடித்தது, சாலையில் பஸ் எதுவும் இல்லை.

அவள் மூன்று முறை தட்டினாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் விழுந்து கதவு திறந்தது, இன்னாசி தலையைத் தூக்காமல் நின்றான். எல்லா வீட்டிலும் சொன்னதை அவள் அவனிடமும் சொன்னாள், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“அண்ணே, அவரு தட்டியிருக்காரு. வெளிய வரப் பாத்திருக்காரு.”

“ஆமா பாப்பா” என்றான் இன்னாசி. “கேட்டுச்சு.”